சில்வர்டனைக் காலி செய்தது ரயிலா, புரோக்கன் ஹில்லா?

தண்டவாளம் எழுதியது:

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸின் மேற்குக் கோடியில், புரோக்கன் ஹில் நகரத்துக்கு வடமேற்கே சுமார் 25 கி.மீ. தொலைவில் சில்வர்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. 1880களின் நடுப்பகுதியில் அங்கே ஏறக்குறைய 3,000 பேர் வாழ்ந்தார்கள். 1901ஆம் ஆண்டில் 300 பேர்கூட இல்லை. இன்று ஐம்பது பேர் இருந்தால் அதிகம். இந்த ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவே, 1888 ஜனவரியில், அவ்வூருக்கு ரயில் வந்தது. பாதையை அமைத்த தனியார் நிறுவனம் ஊரின் பெயரையே தாங்கியிருந்தது: சில்வர்டன் டிராம்வே கம்பெனி.

ரயில் வந்தால் ஊர் வளரும் என்பது பொதுவான நம்பிக்கை. இங்கே அது தலைகீழாக நடந்திருக்கிறது. பாதை சில்வர்டனோடு நின்றிருந்தால் ஊர் பிழைத்திருக்கும், அதைப் புரோக்கன் ஹில் வரை நீட்டியதுதான் ஊரைக் கெடுத்தது என்று பயணக் கட்டுரைகளில் அடிக்கடி எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதல் ரயில் வந்து சேர்ந்தபோதே ஊரின் சரிவு தொடங்கிவிட்டது என்பது என் கருத்து. இதைப் படித்தவர்கள் தங்கள் எண்ணத்தை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

விவாதத்துக்கு உதவியாகச் சில தேதிகள். 1870களின் நடுவில் தக்கரிங்கா என்ற இடத்தில் வெள்ளி கிடைத்தது. 1880களின் தொடக்கத்தில் உம்பெரம்பெர்கா, டேட்ரீம் ஆகிய சுரங்கங்கள் தோன்றின. 1883இல் சில்வர்டனுக்கு நில அளவை செய்து தெருக்கள் வகுத்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில், மவுன்ட் கிப்ஸ் ஆட்டுப் பண்ணையில் வேலிக் காவலராக இருந்த சார்லஸ் ராஸ்ப் என்ற ஜெர்மானியர், புரோக்கன் ஹில் மேட்டில் தாது இருப்பதை உணர்ந்து, இரு கூட்டாளிகளோடு நிலத்துக்கு உரிமை கோரினார். ஆக, ஊர் பிறந்த ஆண்டிலேயே அதற்குப் போட்டியும் பிறந்துவிட்டது.

பாறைப்படிவு எழுதியது:

இழையைத் தொடங்கியவரின் முடிவோடு உடன்படுகிறேன். ஆனால் காரணத்தைத் தேதிகளில் தேடுவதைவிட நிலத்துக்கு அடியில் தேடுவதே சரி.

சில்வர்டன் வட்டாரத்தின் தாது மெல்லிய நரம்புகளாக ஓடியது. மேற்பரப்பை ஒட்டிய பகுதியில் வெள்ளி குளோரைடு மிகச் செறிவாகக் கிடைத்தது. ஒரு சாக்குத் தாதுவில் கிடைக்கும் வெள்ளியே செலவை ஈடுகட்டிவிடும். ஆழம் போகப்போக நரம்பு ஒடுங்கியது அல்லது தரம் குன்றியது. இப்படிப்பட்ட சுரங்கத்துக்கு ரயில் கட்டாயமில்லை. மாட்டு வண்டியும் குதிரை வண்டியும் ஒட்டகமும் போதும், ஏனென்றால் ஏற்றுமதி எடையில் குறைவு, மதிப்பில் மிகுதி.

புரோக்கன் ஹில் முற்றிலும் வேறு வகை. அங்கே தாதுப் படிவம் ஏறக்குறைய 7 கி.மீ. நீளத்துக்கு, நிலத்துக்கடியில் வளைந்து கிடக்கிறது. ராஸ்ப் முதலில் அதை வெள்ளீயம் என்று நினைத்தார். சோதனையில் ஈயமும் சிறிதளவு வெள்ளியுமே தெரியவந்ததால் பங்காளிகள் சோர்ந்தார்கள். சிலர் பங்குகளை மலிவாக விற்கவும் செய்தார்கள். பின்னர்தான் செறிவான வெள்ளி கிடைத்து, 1885இல் புரோக்கன் ஹில் புரொப்பரைட்டரி நிறுவனம், அதாவது இன்றைய பி.எச்.பி., பதிவானது. இந்தப் படிவத்தில் வெள்ளியோடு ஈயமும் துத்தநாகமும் மலைமலையாக இருந்தன. அவற்றை உருக்க நிலக்கரியைச் சுட்டுப் பெறும் கல்கரி (கோக்) வேண்டும், சுண்ணாம்புக் கல் வேண்டும், சுரங்கத்தைத் தாங்கிநிற்க மரம் வேண்டும். உருக்கிய ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக வேண்டும். இத்தனை எடையை வண்டிகளால் இழுக்க முடியாது.

எனவே என் வாதம் இதுதான்: சில்வர்டனின் தாது வண்டிக்கு ஏற்றது, புரோக்கன் ஹில்லின் தாது ரயிலுக்கு ஏற்றது. பெயர் எதுவாக இருந்தாலும், பாதை தனக்குச் சரக்கு தருகிற இடத்தைத்தான் தேடிப் போகும்.

எல்லைக்கல் எழுதியது:

இருவரும் ஒரு பெரிய பகுதியைத் தொடாமல் விட்டுவிட்டீர்கள். அந்தப் பாதை ஏன் தனியார் பாதையாக இருந்தது, ஏன் சிட்னியை நோக்கிப் போகாமல் எல்லையை நோக்கிப் போனது என்ற கேள்விகளுக்கு விடை காணாமல் சில்வர்டனின் வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியாது.

1880களில் ஆஸ்திரேலியா ஒரு நாடாக இல்லை. தனித்தனிக் குடியேற்றங்களாக இருந்தது. சில்வர்டனும் புரோக்கன் ஹில்லும் நியூ சவுத் வேல்ஸ் நிலத்தில் இருந்தாலும், தலைநகரான சிட்னி அங்கிருந்து 1,100 கி.மீ.க்கு அப்பால் இருந்தது. தெற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான அடிலெய்டு ஏறக்குறைய 500 கி.மீ. தொலைவில்தான். போர்ட் பிரி துறைமுகம் அதைவிடவும் பக்கம். சிட்னியின் பாதை 1885இல் பர்க் வரை வந்து நின்றுவிட்டது. அதற்கு மேற்கே வெறும் புல்வெளிக்காகப் பணம் கொட்ட அந்த அரசு விரும்பவில்லை. தெற்கு ஆஸ்திரேலியாவோ வாய்ப்பை உணர்ந்து, பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து (இன்றைய பீட்டர்பரோ) எல்லையோரக் காக்பர்ன் வரை தன் பாதையை 1887இல் கொண்டுவந்துவிட்டது. மிச்சம் இருந்தது ஏறக்குறைய 58 கி.மீ. மட்டுமே.

அந்த 58 கி.மீ.யைத் தெற்கு ஆஸ்திரேலிய அரசு அமைக்க நியூ சவுத் வேல்ஸ் இசையவில்லை. தானும் அமைக்கவில்லை. தன் நிலத்தில் இன்னோர் அரசின் ரயில் ஓடுவது கௌரவக் குறைவு, ஆனால் தன் பணத்தைச் செலவிடவும் மனமில்லை என்ற நிலைமையில், 1886இல் சட்டமன்றம் ஒரு தனியார் நிறுவனத்துக்கு உரிமம் கொடுத்துக் கைகழுவியது. சட்டத்தின் பார்வையில் அது டிராம்வே. நடைமுறையில் முழு ரயில். பாதை அகலமும் தெற்கு ஆஸ்திரேலியாவின் அந்தப் பகுதிப் பாதையோடு பொருந்துகிற 1,067 மி.மீ.; சிட்னியின் 1,435 மி.மீ. கிடையாது. இரு அரசுகளும் விட்டுக்கொடுக்காததன் பலன் கம்பெனியின் பங்குதாரர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. நாட்டின் மிக இலாபகரமான தனியார் ரயில் நிறுவனங்களுள் ஒன்றாக அது பல பத்தாண்டுகள் இயங்கியது.

இதில் எனக்கு எப்போதும் வியப்பளிக்கிற செய்தி, கல்கரி பயணம் செய்த வழி. நியூ சவுத் வேல்ஸின் நியூகாசில் நிலக்கரி வயலிலிருந்து கப்பலேறி, தென்கரையைச் சுற்றிக்கொண்டு, தெற்கு ஆஸ்திரேலியாவின் போர்ட் பிரியில் இறங்கி, ரயிலேறி, எல்லை தாண்டி மறுபடியும் நியூ சவுத் வேல்ஸுக்குள் நுழைந்து புரோக்கன் ஹில்லை அடைந்தது. கொஞ்ச காலத்திலேயே சுரங்க நிறுவனத்துக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. கல்கரியை உள்ளே இழுப்பதைவிடத் தாதுவைக் கடற்கரைக்கு அனுப்புவது மலிவு என்பதால், 1890களின் இறுதிக்குள் உருக்குகிற வேலையைப் போர்ட் பிரிக்கே மாற்றிக்கொண்டார்கள். அந்த உருக்காலை இன்றும் இயங்குகிறது.

வெயிலோன் எழுதியது:

எல்லைக்கல் அவர்கள் எழுதியது அருமை. ஆனாலும் ரயிலை முழுவதுமாக விடுதலை செய்ய என்னால் முடியவில்லை.

தாதுவால் மட்டுமே ஊர் வாழ்வதில்லை. ரயில் ஊர்கள் பல, சுரங்கம் மூடிய பிறகும் எஞ்சின் கொட்டகையாலும் பட்டறையாலும் ஊழியர் குடியிருப்பாலும் பிழைத்திருக்கின்றன. பீட்டர்பரோ அப்படிப்பட்ட ஊர். எல்லையில் எஞ்சினும் ஊழியரும் மாற வேண்டியிருந்ததால், காக்பர்ன் என்ற இன்னும் சிறிய ஊர்கூட பல பத்தாண்டுகள் அந்த வேலையால் வாழ்ந்தது. சில்வர்டன் டிராம்வே கம்பெனி தன் பட்டறைகளையும் ஊழியர்களையும் எங்கே வைத்தது? புரோக்கன் ஹில்லில். அங்கே ரயில்வே டவுன் என்றே ஒரு பகுதி இருக்கிறது. பாதையின் நடுவில் இருந்த, கம்பெனியின் பெயருக்கே உரிய ஊருக்கு ஒரு நிலையம்தான் கிடைத்தது. வேலையில் ஒரு பங்கை அங்கே வைத்திருந்தால் 3,000 பேர் நிலைத்திருக்க மாட்டார்கள் என்பது உண்மை. ஐந்நூறு பேராவது நின்றிருப்பார்கள்.

தண்டவாளம் எழுதியது:

வெயிலோன் அவர்களின் வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் சில்வர்டனுக்கும் புரோக்கன் ஹில்லுக்கும் இடையே வெறும் 25 கி.மீ.தான். நீராவி எஞ்சினுக்குங்கூட அந்தத் தூரத்தில் ஒரு கொட்டகை தேவையில்லை. ஒரு முனை எல்லை, மறுமுனை சுரங்கம். இரண்டுக்கும் நடுவில் இருப்பது சில்வர்டனின் தலைவிதி.

மக்கள் எப்படிப் போனார்கள் என்பதும் கவனிக்க வேண்டியது. மனிதர்கள் மட்டும் போகவில்லை, வீடுகளும் போயின. மரச்சட்டமும் தகரமும் கொண்ட கட்டடங்களைப் பிரித்தெடுத்து வண்டிகளில் ஏற்றிப் புரோக்கன் ஹில்லில் மறுபடி நிறுத்தினார்கள். கல்லில் கட்டியவை மட்டும் பின்தங்கின. இன்று சில்வர்டனில் தெருக்களுக்கு இடையே அத்தனை வெற்றிடம் தெரிவதற்கு அதுவே காரணம். இதில் ஒரு முரண்: கல்லால் ஆன சிறைச்சாலையை அரசு கட்டி முடித்தது 1889இல். விண்ணப்பம், ஒப்புதல், ஒப்பந்தம் எல்லாம் முடிந்து கட்டடம் எழுந்தபோது அடைத்து வைக்க ஆள் குறைந்துவிட்டது. அந்தக் கட்டடம் பின்னாளில் சிறுவர் சீர்திருத்த இல்லமாகி, இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது.

அதே ஆண்டுகளில் சில்வர்டன் பள்ளியில் மேரி ஜேன் கேமரன் என்ற இளம் ஆசிரியை பணியாற்றினார். தொழிலாளர் போராட்டங்கள் மீது அவருக்கு ஈடுபாடு பிறந்தது இந்தச் சுரங்க வட்டாரத்தில்தான் என்று சொல்கிறார்கள். பிற்காலத்தில் மேரி கில்மோர் என்ற பெயரில் கவிஞராகப் புகழ்பெற்றார்; ஆஸ்திரேலியாவின் 10 டாலர் தாளில் அவர் உருவம் இருக்கிறது.

ஒட்டகப்பாதை எழுதியது:

சில்வர்டன் பாதையைப் பற்றிப் பேசும் இழையில் 1915 ஜனவரி 1ஆம் நாளைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது.

அன்று புத்தாண்டு விடுமுறை. ஒரு தொழிலாளர் நலச் சங்கம் ஆண்டுதோறும் சில்வர்டனுக்கு உல்லாசப் பயணம் நடத்துவது வழக்கம். தாது ஏற்றும் திறந்த பெட்டிகள் நாற்பதில் பலகை இருக்கை போட்டு, ஏறக்குறைய 1,200 பேர் குடும்பத்தோடு கிளம்பினார்கள். (ஊர் காலியான பிறகு சில்வர்டனின் முக்கியத் தொழில் விருந்தாளிகளை வரவேற்பது என்றாகிவிட்டதை இதிலிருந்தே அறியலாம்.) புரோக்கன் ஹில்லைத் தாண்டி மூன்று கி.மீ. போவதற்குள், பாதையோரத்து மண்மேட்டில் துருக்கிக் கொடி கட்டிய ஐஸ்கிரீம் வண்டி ஒன்றின் அருகே மறைந்திருந்த இருவர் ரயிலை நோக்கிச் சுட்டார்கள். ரயிலில் இருவரும் வெளியே இருவருமாக நால்வர் உயிரிழந்தார்கள். ஏழு பேர் காயமடைந்தார்கள். பின்னர் நடந்த துப்பாக்கிச் சண்டையில் சுட்ட இருவரும் மாண்டார்கள்.

அவர்கள் குல் பாதுஷா முகமது, முல்லா அப்துல்லா. முன்னவர் ஐஸ்கிரீம் விற்றவர். இன்றைய பாகிஸ்தான் எல்லைப்புறத்து அப்ரிதி இனத்தவர். முன்பு துருக்கிப் படையில் பணியாற்றியவர். பின்னவர் முன்பு ஒட்டகம் ஓட்டியவர், பிறகு சமயத் தலைவராகவும் இறைச்சி அறுப்பவராகவும் இருந்தார். உரிமம் இல்லாத இடத்தில் ஆடு அறுத்ததற்காக அவருக்குச் சில நாட்களுக்கு முன்புதான் தண்டனை கிடைத்திருந்தது. பிரிட்டனும் துருக்கியும் போரில் இருந்த நேரம். இருவரும் கடிதங்கள் எழுதி வைத்திருந்தார்கள். அவற்றில் சுல்தான் மீதான விசுவாசமும் சொந்த மனக்குறையும் கலந்திருந்தன.

இதைப் போர் என்று சொல்வதா, பயங்கரவாதம் என்று சொல்வதா, தனிமனிதரின் வெறி என்று சொல்வதா என்பதில் இன்றும் ஆஸ்திரேலியர்களுக்குள் கருத்து வேற்றுமை இருக்கிறது. அன்று இரவு ஊர்க்கூட்டம் கிளம்பி எரித்தது எதை என்று பாருங்கள்: ஜெர்மன் சங்கக் கட்டடத்தை. சுட்டவர்களுக்கும் ஜெர்மானியருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒட்டகக்காரர் குடியிருப்பை நோக்கியும் கூட்டம் போனது. காவல்துறையும் படையினரும் தடுத்து நிறுத்தினார்கள்.

ஒட்டகக்காரர்களை ஆஸ்திரேலியர்கள் ஆப்கானியர் என்று ஒட்டுமொத்தமாக அழைத்தாலும், அவர்களில் கணிசமானோர் பிரிட்டிஷ் இந்தியாவின் பஞ்சாப், சிந்து, பலுசிஸ்தான் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். ரயில் எட்டாத இடங்களுக்கு ஒட்டகத்தில் சரக்கு கொண்டு சென்றது அவர்களே. புரோக்கன் ஹில்லில் அவர்கள் கட்டிய தகரப் பள்ளிவாசல் இன்றும் அருங்காட்சியகமாக நிற்கிறது. பள்ளிவாசலின் கதை கொலைகாரர் இருவரோடு மட்டும் சேர்த்துப் பேசப்படுவது அந்தச் சமூகத்துக்கு இழைக்கும் அநீதி என்பது என் எண்ணம்.

எல்லைக்கல் எழுதியது:

ஒட்டகப்பாதை அவர்களுக்கு நன்றி. அந்தக் கூட்டம் ஜெர்மன் சங்கத்தை எரித்ததில் இன்னொரு கசப்பும் இருக்கிறது. அந்த நகரத்தின் செல்வத்தை முதலில் கண்ட ராஸ்பே ஜெர்மானியர். அவர் 1907இல் இறந்துவிட்டதால் அதைக் காணும் நிலை அவருக்கு ஏற்படவில்லை.

முல்காமரம் எழுதியது:

சுரங்கம், அரசு, ரயில் எல்லாம் பேசியாயிற்று. நிலத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. இது வில்யகாலி என்ற பழங்குடி மக்களின் நாடு. தண்ணீர் எங்கே கிடைக்கும் என்ற அறிவோடு அவர்கள் நீண்ட நெடுங்காலம் வாழ்ந்த வறண்ட நிலத்தில், ஒரு பத்தாண்டுக்குள் ஆயிரக்கணக்கானோர் வந்து குவிந்தார்கள். 1891இல் புரோக்கன் ஹில்லில் மட்டும் சுமார் 20,000 பேர். ஓடைகள் ஆண்டில் சில நாட்களே ஓடும். தொடக்க கால வறட்சிகளில் குடிநீரையே ரயிலில் கொண்டுவந்து விற்க வேண்டியதாயிற்று. அசுத்த நீரால் காய்ச்சல் பரவிப் பலர் இறந்தார்கள். சில்வர்டனுக்கு அருகே உம்பெரம்பெர்கா ஓடையில் பின்னர் அணை கட்டினார்கள். அதன் தண்ணீரும் குழாய் வழியே புரோக்கன் ஹில்லுக்குத்தான் போனது. 1952இல் மெனிண்டியிலிருந்து டார்லிங் ஆற்று நீர் குழாயில் வந்த பிறகே தண்ணீர் பற்றிய அச்சம் குறைந்தது.

மரங்களின் நிலை இன்னும் மோசம். உருக்காலைக்கும் சுரங்கத்துக்கும் வீட்டு அடுப்புக்கும் முல்கா மரங்களை வெட்டித் தள்ளினார்கள். ஆடுகளும் முயல்களும் மிச்சத்தைத் தின்றன. காற்று கிளம்பினால் பகல் இருண்டுவிடும் அளவுக்குப் புழுதி எழுந்தது. தண்டவாளத்தையும் வேலியையும் மணல் மூடியது. 1936இல் ஆல்பர்ட் மோரிஸ் என்பவர் தம் மனைவி மார்கரெட்டோடு சேர்ந்து, வேலி போட்டு மேய்ச்சலைத் தடுத்தால் அந்த மண்ணின் செடிகள் தாமாகவே மீளும் என்று மெய்ப்பித்துக் காட்டினார். சுரங்க நிறுவனங்களும் அதற்கு உதவின. நகரைச் சுற்றிய பசுமை வளையம் இன்றும் இருக்கிறது.

வெயிலோன் எழுதியது:

ஒரு சிறு ஐயம். நியூ சவுத் வேல்ஸில் இருந்தும் இந்தப் பகுதியில் கடிகாரம் அடிலெய்டு நேரத்தைக் காட்டுவதாகப் படித்தேன். உண்மையா?

எல்லைக்கல் எழுதியது:

உண்மைதான். புரோக்கன் ஹில்லும் சில்வர்டனும் அடங்கிய யான்கோவின்னா கவுண்டி, சிட்னியைவிட அரை மணி நேரம் பின்தங்கிய தெற்கு ஆஸ்திரேலிய நேரத்தையே சட்டப்படி பின்பற்றுகிறது. தொலைபேசிக் குறியீடும் அடிலெய்டின் 08. வணிகமும் ரயிலும் அந்தப் பக்கம் பார்த்தே வளர்ந்ததன் விளைவு இது. சிட்னியிலிருந்து முழுமையான ரயில் இணைப்பு 1927இல்தான் கிடைத்தது. அதாவது, சில்வர்டன் டிராம்வே திறந்து 39 ஆண்டுகள் கழித்து. அப்போதும் பாதை அகலம் ஒன்றாகவில்லை: கிழக்கே 1,435, மேற்கே 1,067. இரண்டும் புரோக்கன் ஹில்லில் முட்டி நின்றன. சரக்கை இறக்கி மாற்றி ஏற்ற வேண்டும்.

தண்டவாளம் எழுதியது:

அந்த முட்டுக்கட்டை நீங்கியபோதுதான் கம்பெனியின் பாதையும் முடிந்தது. சிட்னி முதல் பெர்த் வரை ஒரே அகலத்தில் ரயில் ஓட வேண்டும் என்ற திட்டத்தில், போர்ட் பிரிக்கும் புரோக்கன் ஹில்லுக்கும் இடையே 1,435 மி.மீ. பாதை அமைத்தார்கள். காக்பர்னுக்குக் கிழக்கே அது பழைய தடத்தைப் பின்பற்றாமல், சில்வர்டனைத் தொடாமல் வேறு வழியில் போகிறது. 1970 ஜனவரியில் சரக்கு புதிய பாதைக்கு மாறியது. சில வாரங்களில் இந்தியன் பசிபிக் ரயில் ஓடத் தொடங்கியது. 82 ஆண்டுகள் ஓடிய சில்வர்டன் டிராம்வே அத்தோடு நின்றது.

வெயிலோன் அவர்களின் பட்டறை வாதத்துக்கு என் பதில் இப்போது இன்னும் தெளிவாகிறது. ஊர் காலியானது ரயில் வந்த வேளையில்; ரயில் போனது ஊர் காலியாகி எழுபது ஆண்டுகள் கழித்து. ஊருக்கும் ரயிலுக்கும் இடையே பெயரைத் தவிர நெருக்கமான உறவு எப்போதும் இருந்ததில்லை.

வெயிலோன் எழுதியது:

பட்டறை விஷயத்தில் என் கருத்தை நான் மாற்றிக்கொள்ளவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். 25 கி.மீ. என்பது எஞ்சினுக்கு அருகில் இருக்கலாம். குடும்பத்தோடு குடியிருக்கும் ஊழியருக்கு அது வேறோர் ஊர். அது போகட்டும். அங்கே செல்ல நினைப்பவர்கள் எதைப் பார்க்கலாம்?

பாறைப்படிவு எழுதியது:

சில்வர்டனில் சிறைச்சாலை அருங்காட்சியகம், பழைய விடுதி, ஓவியர்களின் கூடங்கள், சில கல் கட்டடங்கள். சற்றுத் தள்ளி முண்டி முண்டி சமவெளியைப் பார்க்கும் மேடு. திரைப்படக் குழுக்கள் அடிக்கடி வருவது அந்த வெளிக்காகத்தான். புரோக்கன் ஹில்லிலிருந்து சில்வர்டன் போகும் வழியில் பிரிந்தால் டேட்ரீம் சுரங்கம்; வழிகாட்டியோடு உள்ளே இறங்கலாம். நரம்பு எவ்வளவு மெல்லியது, அதைத் துரத்திக்கொண்டு மனிதர்கள் எவ்வளவு குனிந்து வேலை செய்தார்கள் என்பது அங்கே இறங்கினால் புரியும். ரயிலைப் பற்றி அறிய விரும்பினால் சில்வர்டனில் தேட வேண்டாம். புரோக்கன் ஹில்லில் சல்பைடு தெருவில், 1905இல் கம்பெனி கட்டிய நிலையம் ரயில், கனிம அருங்காட்சியகமாக இருக்கிறது. கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டும். மே முதல் ஆகஸ்ட் வரை போவது நல்லது.